பக்கவிளைவு இல்லாத மருந்து

கையிலிருக்கும் வீடியோ கேம் கன்ட்ரோலரை இரண்டு முறை நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் மருந்துக்காரம்மா திரையிலிருக்கும் தன் போர்வீரனுக்குக் கஷாயம் கொடுக்கிறார். குலுக்குவதற்கும் விளையாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் அவன் பாட்டுக்குக் குடித்துவிட்டுப் போவான். ஆனால் முப்பது வருடமாக ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்று, “நல்லா குலுக்கிட்டுக் குடுங்க” என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய். கையும் கூடவே பழகிவிட்டது. எதிரே பனைமர உயரத்துக்கு ஒரு பூதம் தடியை ஓங்கிக்கொண்டு நிற்கும். நிற்கட்டும், அவசரப்பட்டு மருந்து கொடுக்கக் கூடாது என்பார்.

விளையாட்டின் பெயர் ‘சாம்பல்மலை’. ஒரு பெரிய மந்திர நாட்டில் நம்மை இறக்கிவிட்டு, எங்கே வேண்டுமானாலும் போ, எதை வேண்டுமானாலும் செய் என்று விட்டுவிடுகிற வகை. இதுவரை ஐந்து பாகங்கள் வந்திருக்கின்றன. இரண்டாம் பாகத்தை மகனின் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தார். மகன் மூன்றாம் நாளே அலுத்துப்போய்ப் பந்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான். வாங்கிய பொருள் வீணாகக் கூடாதே என்று உட்கார்ந்த அம்மா, பதினாறு வருடமாகியும் எழுந்திருக்கவில்லை. கணவர் ரயிலில் கார்டு. அவர் வீட்டிலிருக்கும் நாட்களில் செய்தி பார்க்க அனுமதி கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

ஆள் குள்ளம். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். அதைத் தேடும் வேலை எப்போதும் வீட்டில் நடந்துகொண்டிருக்கும். எந்த டாக்டரின் கையெழுத்தையும் படித்துவிடுவார், சில சமயம் எழுதிய டாக்டரே வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு போவார். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது மருந்தகத்து விதி. அந்த விதி வீட்டுக்கும் வந்துவிட்டது. சமையலறையில் உப்பு ஒரு சுவரில், சர்க்கரை எதிர்ச்சுவரில். கணவர் ஒரு காபி கலக்க எட்டு எட்டு வைத்து நடக்கிறார்.

ஒரே தொலைக்காட்சியில் பழைய விளையாட்டுப் பெட்டியும் புதிய பெட்டியும் இணைத்து வைத்திருக்கிறார். விடிகாலையில் இரண்டாம் பாகம், வேலை முடிந்து வந்தால் ஐந்தாம் பாகம். மாமியார் மருமகள் இருவரையும் ஒரே வீட்டில் வைத்துச் சமாளிப்பது மாதிரிதான் இது, யார் பக்கமும் முழுசாகச் சாய முடியாது. இரண்டாம் பாகத்தில் இருபது அடிக்கு அப்பால் ஒரே மூடுபனி. அன்றைய இயந்திரத்துக்கு அதற்கு மேல் வரையத் தெம்பில்லை. ஆட்களின் முகமெல்லாம் அட்டைப்பெட்டியை மடித்துச் செய்த மாதிரி இருக்கும். வழிகாட்ட எதுவும் கிடையாது. எதிரே வருகிறவனிடம் கேட்க வேண்டும். அவன் பாலத்தைத் தாண்டிக் கருகின மரத்துக்கு வடக்கே என்பான். பொய் சொல்லியிருந்தால் சதுப்பில் விழுந்து எழுந்து வர வேண்டியதுதான். ஒரு குகையைக் கண்டுபிடிக்க இவர் இரண்டு வாரம் அலைந்திருக்கிறார். ஐந்தாம் பாகத்தில் தலைக்கு மேலே ஒரு பொன்னிற அம்பு மினுக்கிக்கொண்டே கூட வருகிறது.

“அந்த அம்பு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுது. பழசுல வழி சொன்னவன் பொய்தான் சொன்னான், ஒத்துக்கறேன். ஆனா அவன்கிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசினேன்ல” என்பார்.

அதற்காகப் பழசெல்லாம் பொன் என்று சொல்கிற ஆளும் இல்லை. இரண்டாம் பாகத்தின் சந்தையில் ஒரு வெண்கலப் பாத்திரக்காரி பகலும் இரவும், மழையிலும் வெயிலிலும், ஒரே இடத்தில் கால் மாற்றாமல் நிற்பாள். இவருக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் பாவமாக இருக்கும். “இவளுக்கு ஷிப்ட் மாத்த ஆளே வராதா?” என்று பல வருடம் கேட்டிருக்கிறார். ஐந்தாம் பாகத்தில் பொழுது சாய்ந்தால் கடைகள் சாத்தப்படும். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று, அங்கே மூலிகை விற்கிற வைத்தியனின் பின்னாலேயே அவன் வீடு வரைக்கும் போனார். அவன் கஞ்சி குடித்து, விளக்கை அணைத்து, படுத்துக் கண்ணை மூடும்வரை வாசலில் நின்று பார்த்தார். பிறகு அப்பாடா என்று பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் போருக்குத் திரும்பினார். நாட்டைக் காப்பாற்றும் வேலை அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

ஆனால் மருந்து விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார். இரண்டாம் பாகத்தில் எந்த மருந்தும் சும்மா வராது. வேர்க்கஷாயம் காயத்தை ஆற்றும், ஒரு நிமிடம் கண்ணை மங்கடிக்கும். பலம் தரும் இலை நாக்கை வீங்கவைக்கும், மந்திரம் சொல்ல வராது. கொடுத்துவிட்டுப் பாறை மறைவில் காத்திருக்க வேண்டும். இவருக்கு அந்தக் காத்திருப்புதான் உயிர். ஐந்தாம் பாகத்தில் ஒரே ஒரு சிவப்புப் புட்டி. வெட்டு, தீக்காயம், விஷம், தலைவலி எல்லாவற்றுக்கும் அதுதான். பத்தொன்பது புட்டியை வரிசையாகக் குடித்துவிட்டும் வீரன் குதித்துக்கொண்டு நிற்கிறான். “பக்கவிளைவே இல்லைன்னா அது மருந்தே இல்ல. கலர் தண்ணி” என்பது அவர் தீர்ப்பு.

தீர்ப்பு சொன்னதோடு விட்டாரா என்றால் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மஞ்சள் படிவம் உண்டு. ஏதாவது ஒரு மருந்து நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், நடந்ததை அதில் எழுதி மருந்து செய்தவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே கட்டங்களை ஸ்கேல் வைத்து மஞ்சள் தாளில் வரைந்து, விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனிக்குத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார். “நோயாளியின் பெயர்: பேஷன்ட்.” தன் வீரனுக்கு அவர் வைத்திருக்கும் பெயரே அதுதான். “வயது: இருபத்து நான்கு. தொழில்: வாள் வீச்சு. கொடுத்த மருந்து: சிவப்புப் புட்டி. அளவு: நான்கு நிமிடத்தில் பத்தொன்பது. கண்ட பக்கவிளைவு: எதுவும் இல்லை. குறிப்பு: அதுதான் கவலையாக இருக்கிறது.” அடியில் தவறாமல் ஒரு வரி: “இந்த மருந்தை அமைத்தவர் ஒரு நாளாவது மருந்துக்கடையில் நின்றிருக்கிறாரா?” நாலு வருடத்தில் நாற்பத்து மூன்று படிவங்கள் போயின. ஒன்றுக்கும் பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல் என்று கணவர் சொன்னார். கல் நேராக யார் தலையில் விழுந்துகொண்டிருந்தது என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது மகன் தொண்டையைச் செருமினான். லிப்ட் பழுதுபார்க்கிறவன், பேச்சு குறைவு. ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஒரு வருடமாகிறது என்றான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வார்த்தைக்காக மூன்று வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தவர். என்ன படித்தாள், எங்கே வேலை என்று அடுக்கிக்கொண்டே போனார். கேம் கம்பெனியில் என்றான். எந்த கேம் என்றார். அவன் ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தான்.

“சாம்பல்மலை அஞ்சாம் பாகம்மா. அதுல மருந்தெல்லாம் அவதான் பண்ணினா.”

அந்தப் பெண்ணைப் பற்றிய சந்தோஷம் முதலில் வந்தது. அது வந்து உட்காருவதற்குள் நாற்பத்து மூன்று மஞ்சள் தாள்களும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாம் அவள் மேஜைக்குத்தான் போயிருக்கின்றன என்றான் மகன். எழுதியது தன் அம்மாதான் என்பதைப் போன வாரம்தான் அவளிடம் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற பேச்சை எடுத்தாலே அவள் வேறு பேச்சுக்குத் தாவுகிறாள்.

“ஒரு தடவை அதப் படிச்சிட்டு அழுதிருக்காம்மா” என்றான்.

மருந்துக்காரம்மா தட்டை ஒதுக்கிவைத்தார். முப்பது வருடத்தில் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை. யாரோ பெற்ற பெண்ணை, அதுவும் தன் மகன் ஆசைப்பட்ட பெண்ணை, திருத்தமான கையெழுத்தில் அழவைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. மற்றவர்கள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள், இவர் பேனாவைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மகன் கல்யாணம் தன்னால் நின்றுபோகும் என்ற பயம் அன்றிரவு முழுவதும் அவரைப் புரட்டி எடுத்தது.

மகன் இரண்டு வாரம் கெஞ்சியதில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போவதாக அந்தப் பெண் ஒத்துக்கொண்டாள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க மருந்துக்காரம்மா ஐந்தாம் பாகத்தில் நல்லது தேடினார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி, நதி நன்றாக ஓடுகிறது, ஆடுகள் ஆட்டைப் போலவே முறைக்கின்றன என்று குறித்துக்கொண்டார். அம்மா, மருந்தும் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும் என்று மகன் காலில் விழாத குறை. அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

“கசப்பு மருந்த இனிப்புன்னு சொல்லிக் குடுத்தா, அடுத்த தடவை குழந்தை வாயே திறக்காதுடா.”

அவள் வந்தாள். ஒட்ட வெட்டிய முடி, பெரிய கண். வேலைக்கு நேர்முகம் வந்தவள் போலப் பையை மடியில் வைத்துக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்தாள். மருந்துக்காரம்மா சுற்றி வளைக்கவில்லை. தான் கேட்ட கேள்வியெல்லாம் சரிதான், ஆனால் கடைசி வரி தப்பு, அதை எழுதியிருக்கக் கூடாது, மன்னித்துவிடு என்றார். அவள் லேசாகத் தலையசைத்தாள். பிறகு நதி, ஆடு, விளக்கணைத்துப் படுக்கும் வைத்தியன் என்று தான் பார்த்த நல்லதையெல்லாம் சொன்னார். வைத்தியனைத் தூங்கவைத்தது தன் பக்கத்து மேஜைக்காரர் என்று அவள் சொன்னபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. மகனுக்கும் மூச்சு வந்தது. அப்போதுதான் அவள் கேட்டாள்.

“மருந்து எப்படி இருந்துச்சு ஆன்ட்டி?”

அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற மகன் இரண்டு கையையும் கூப்பினான். மருந்துக்காரம்மா அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“நல்லா இல்லம்மா.”

மகன் கண்ணை மூடிக்கொண்டான். அவளோ பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். முந்நூற்றுப் பதினொரு பக்கவிளைவுகளை யோசித்து யோசித்து வைத்திருந்தாளாம். வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பு சில பேரை அழைத்து விளையாடவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் மருந்து குடித்துவிட்டுக் கண் தெரியாமல் பள்ளத்தில் விழுந்து, புகார் சொன்னார்கள். மேலே இருப்பவர்கள் ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கடிதங்களுக்குப் பதில் எழுத அவளுக்கு அனுமதியும் கிடையாது.

“மீட்டிங்ல நான் கத்தினதையே யாரோ மஞ்சத்தாள்ல எழுதி எனக்கே அனுப்பறாங்க. அழாம என்ன பண்ணுவேன்?”

பிறகு, கம்பெனி ஆட்கள் கதவுக்குப் பின்னால் நிற்பது போலக் குரலைத் தாழ்த்தினாள். ஒரே ஒரு பக்கவிளைவை மட்டும் அவள் எடுக்கவில்லை. மேலதிகாரிகள் கண்ணில் படாமலிருக்க, ஆற்றங்கரையில் அங்கங்கே கிடக்கும் லேபிள் இல்லாத புட்டியில் ஒளித்துவைத்திருக்கிறாள். இந்த மஞ்சள் தாள் ஆசாமி என்றைக்காவது அதைக் கண்டுபிடித்து எழுதுவார் என்று நாலு வருடம் காத்திருந்தாளாம்.

மருந்துக்காரம்மாவின் கை தானாக வாய்க்குப் போனது. அந்தப் புட்டிகளைக் கண்ட இடத்திலெல்லாம், ஒன்று விடாமல், பொறுக்கி எடுத்து ஆற்றில் எறிந்தவர் அவர்.

“லேபிள் இல்லாத மருந்த நான் எப்படிம்மா பேஷன்ட்டுக்குக் குடுப்பேன்?”

அவள் சிரித்தாள் பாருங்கள், சோபா குலுங்கியது. மருந்துக்காரம்மாவுக்கும் தொற்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருவரும் அப்படியே தொலைக்காட்சிக்கு முன்னால் நகர்ந்தார்கள். கன்ட்ரோலரை அவள் வாங்கிக்கொண்டாள். ஆற்றங்கரை நாணலை விலக்கி ஒரு புட்டியை எடுத்து வீரனுக்குப் புகட்டினாள். அவனுக்கு விக்கல் எடுத்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் கவசம் சலங்கை மாதிரி குலுங்கி, ஒரு சாண் துள்ளினான். நூறு அடிக்குள் இருக்கிற எதிரி எவனுக்கும் அது கேட்கும் என்றாள். இருவரும் அவனை நேராகப் பூதம் தூங்கும் குகைக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

“யாரோ இவன நெனைக்கிறாங்க போல” என்றார் மருந்துக்காரம்மா.

“இப்பதான் அது முழிக்குது. இனிமேதான் நெனைக்கும் அத்தை” என்றாள் அவள்.

ஒரு மணி நேரம் என்று வந்தவள். மூன்றாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மகனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. திரையை மறித்துக்கொண்டு வந்து நின்றான். அவள் அப்பா அம்மாவை அடுத்த வாரம் பேச வரச் சொல்லலாமா, வேண்டாமா, அதை மட்டும் சொல்லும்மா என்று கேட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் பூதம் எழுந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. மருந்துக்காரம்மா உட்கார்ந்தபடியே வலது காலை நீட்டி, மகனின் முழங்காலில் வைத்து, அந்தப் பெண்ணுக்குத் திரை முழுவதும் தெரிகிற வரைக்கும் அவனை ஓரமாகத் தள்ளினார்.