மகள் வேண்டிக்கொண்டது

என் மகள் என்னிடம் வளர்வதா, அவள் அம்மாவிடமா என்று எங்களுக்குள் வழக்கு. குடும்பக் கோர்ட்டு கவுன்சிலர் அம்மா எழுதுவதைப் பார்த்துத்தான் ஜட்ஜ் முடிவு சொல்வாராம். நரைத்த தலை, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. தன் கண்ணாடியைக் கழற்றிப் பிள்ளைக்கு மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பேசினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். "மோள் அம்பலத்துல என்ன வேண்டிக்கிறா, தெரியுமோ சாரே?"

பிறந்ததிலிருந்து அவளை வலியசாலைக் கோவிலுக்குக் கூட்டிப்போவது நான். என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "என்னம்மா சொன்னா?"

"பகவான்கிட்ட சொன்னது, நான் சொல்லக் கூடாது. நீங்களே மோள்கிட்ட கேளுங்க."

பள்ளி நாளில் அம்மாவிடம், சனி ஞாயிறு என்னிடம் என்று எழுதினார். கோர்ட்டும் அப்படியே சொன்னது. அதைத் தாங்கிக்கொண்டேன். ஆனால் சன்னதியில் மகள் கண்மூடி நிற்கும்போதெல்லாம் அந்த அம்மாமேல் பொறாமையில் வயிறு எரிகிறது. என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டால், "அந்த ஆன்ட்டிகிட்ட சொல்லியாச்சே அப்பா" என்கிறாள்.