அம்மா மிதித்த மண்

விளாங்குடியில் நண்பன் கட்டும் மண்வீட்டில், வைக்கோல் ஊறிய சேற்றின் புளித்த வாசம் அடித்ததும், சோழவந்தானில் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண் மிதிக்கும் சளக் சளக் சத்தமும், அவள் எழுப்பிய, கோடையிலும் கன்னத்தை வைத்தால் குளிரும் சுவரும் அப்படியே திரும்பி வந்தன. கிளார்க் வேலை கிடைத்த பெருமையில் அப்பா அந்தச் சுவருக்குச் சிமெண்ட் பூசினார். அடுத்த மழையில் சுவரே உட்கார்ந்துவிட்டது.

"மண்ணுச் செவுத்துக்குச் சிமெண்டு பூசிராதீங்கண்ணே," என்று கொத்தனார் நண்பனிடம் சொன்னார். "ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே ஊறி, செவரு உக்காந்துரும்."

சுவர் விழுந்ததும் "ஒழுங்கா மிதிச்சியா?" என்று அப்பா கேட்ட அன்றிலிருந்து சாகும்வரை, "நாந்தான் சரியா மிதிக்கல" என்றே அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் நாங்களும் அதை நம்பினோம்.