போர்டின் சதைப் பக்கம்

ஒற்றை 'பீப்'. கம்ப்யூட்டர் பொருத்தும் தொழிலில் நாங்கள் காத்திருக்கும் சத்தம் அதுதான். அது கேட்டால் மற்ற பாகங்களெல்லாம் செருகும் மதர்போர்டுக்கு உயிர் இருக்கிறது. ஆம்பூரில் என் கடையில் பல வருடம் அதைக் கேட்டேன், நம்பினேன். கடை வைத்திருந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை புரியும்.

இடம்தான் இருக்கிறதே

நஸ்ரின் ஒரு ஷூ கம்பெனி டிசைனர். தோலில் மாதிரி தைக்காமல், திரையிலேயே ஷூவைச் சுழற்றி வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டலாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாள். அவர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். சரியாகக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் டிசைன் வேலை சென்னைக்குப் போகும். அவள் பழையபடி தையல் லைனுக்குப் போவாள்.

திரையில் படத்தை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று மட்டும் திணறியதால் இன்னொன்று கேட்டாள். போர்டில் கார்டு செருக ஒரே நீளத்தில் இரண்டு ஸ்லாட்டுகள். இரண்டாவதிலும் கார்டைச் செருகினேன். 'பீப்' என்றது. அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"மேடம், ஷூ சுத்தல. விக்கல் எடுக்குது."

கதவோரம்

கார்டுகளை இடம் மாற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். விக்கல் நிற்கவில்லை. துணைக்கு வந்திருந்த அவள் அப்பா கரீம் பாய், தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "அதக் கழட்டிக் குடுங்க மேடம்" என்றார்.

போர்டைக் கதவோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் சாய்த்து, திருப்பி, கட்டைவிரலால் தடவினார். முதல் ஸ்லாட்டின் பின்னால் ஈயப் புள்ளிகள் முழு நீளத்துக்கும் இருந்தன. இரண்டாவதன் பின்னால் கால்வாசிதான், மீதி வெறுமை. கார்டு பேசுவதற்கான பாதைகள் முதலாவதில் பதினாறு, இரண்டாவதில் நாலே நாலு. நீளமெல்லாம் முகத்துக்குத்தான். நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

"மேல இன்னா வேணா பாலிஷ் போட்டுடுவான் மேடம். நான் தோலைக் கையில எடுத்தா முதல்ல திருப்பி உள்ள இருக்கற சதைப் பக்கம்தான் பாப்பேன்."

எட்டும் எட்டும்

சனிக்கிழமை சென்னையிலிருந்து பஸ்ஸில் வேறு போர்டு வந்தது. இந்தமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் திருகாணியை எடுத்தேன். இரண்டு வரிசையும் நிறைந்திருந்தன. ஆனால் இரண்டாவது கார்டு வந்ததும் பதினாறு பாதையும் எட்டு எட்டாகப் பிரிந்துவிடும். முதல் கார்டு பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். "ரெண்டு புள்ளைங்க வீட்டுல அப்படித்தானே" என்றாள் நஸ்ரின்.

'பீப்'. பழுப்பு நிறத்தில் ஒரு லேடீஸ் ஷூ, குதிகாலைக் காட்டி, முனையைக் காட்டி, தண்ணீர் போலச் சுழன்றது. நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரீம் பாய் மட்டும் திரைக்குக் கிட்டே போய், குனிந்து, ஷூவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே கறுப்பாக இருந்தது. அவள் வரையவே இல்லை.

"எல்லாம் ஜோரா இருக்கு. கால வுடற எடம் எங்கம்மா?"

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நஸ்ரின் உள்பக்கம் வரைந்தாள். வேலை அவளுக்கே நிலைத்தது, கடையை மூடும்வரை நானும் 'பீப்'பை மட்டும் நம்பி ஒரு போர்டுகூட விற்கவில்லை, எங்கள் இருவருக்குமாகத் திருப்பிப் பார்த்த கரீம் பாய்தான் கண் மங்கி மறுவருடமே வேலையை விட்டு நின்றார்.