ஜெசிந்தா டீச்சர் வெட்டிய கான்

செய்தி வந்தபோது நான் கண்டியில் ஒரு பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தேன். மடியிலிருந்த தொலைபேசியில் எங்கள் பாடசாலை அதிபரின் பெயர் தெரிந்ததும் எடுத்துக் காதில் வைத்தேன். "கமலா டீச்சர், நம்ம ஜெசிந்தா டீச்சர் விடியக்காலையில தவறிட்டாங்க. ஹார்ட். மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே முடிஞ்சிருச்சு" என்றார். என் வாய் நிறையப் பஞ்சு. கேட்க முடிந்தது, திருப்பி ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. நான் வலியில் அழுகிறேன் என்று நினைத்து வைத்தியர் இன்னோர் ஊசி போட்டார்.

முப்பதாம் நாள் பூசையன்று கொடுக்கும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி டீச்சரின் கணவர் அந்தோனி அண்ணன் கேட்டார். நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்று அவர் சொல்லவில்லை. "உள்ளதை எழுதுங்க டீச்சர்" என்றுதான் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இதை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் அவரோடு வேலை செய்தவர்கள் அல்லது அவரிடம் கணக்குப் படித்தவர்கள். அவர் நல்லவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

இரத்தோட்டைக்கு மேலே எங்கள் பாடசாலையில் பதினெட்டு வருடம் அவரும் நானும் அடுத்தடுத்த நாற்காலிகளில் இருந்தோம். அவர் கணக்கு, நான் தமிழ். கணக்கில் பிழைவிட்ட பிள்ளையை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. அந்தப் பிழையை அப்படியே கரும்பலகையில் எழுதிவிட்டு, "இந்தத் தப்பு எந்த வரியில பொறந்துச்சு? தேடிக் கண்டுபுடி" என்று சோக்கட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார். பிள்ளை தேடி முடிக்கும்வரை வகுப்பு முழுவதும் காத்திருக்கும். அடி வாங்கியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஆறு வருடத்துக்கு முன்பு, தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து ஆசிரியர் விடுதியில் வயதாகிக்கொண்டிருந்த எனக்கு, பாடசாலைக்கு மேலேயுள்ள சரிவில் ஒரு சின்னக் காணி கிடைத்தது. கருங்கல் அத்திவாரம் போட்டு, மேலே பலகையடித்துத் தகரம் வேய்ந்து ஓர் அறையும் அடுப்படியும் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். "என்ன, வெள்ளைக்காரனுக்குக் கபானா போடப் போறீங்களா?" என்று ஜெசிந்தா டீச்சர் கேலி பண்ணினார். உண்மையில் எங்கள் பக்கத்து மேசன்மார் எல்லோரும் சுற்றுலாக் கபானா கட்டத்தான் போயிருந்தார்கள். என் மேசன் மூன்று முறை நாள் சொல்லி மூன்று முறையும் வரவில்லை. நாலாவது தடவை நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் திருத்திக்கொண்டிருந்த கொப்பிக் கட்டை மூடி வைத்தார். "அவனை விடுங்க. அத்திவாரந்தானே, நாமளே போடுவோம். என் குசினிய நாந்தானே கட்டுனேன்" என்றார். அது உண்மை. இன்றைக்கும் அவர் வீட்டு அடுப்படி குத்துக்கல்லாக நிற்கிறது.

அடுத்த சனிக்கிழமையே ஆரம்பித்துவிட்டோம். ஆப்படித்து நூல் கட்டினோம். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பார். பத்தாம் வகுப்புக்கு நடத்துகிற அதே கணக்கு. நாலு மூலையும் சரியென்று எனக்குப் பட்டது. அவர் மூலைக்கு மூலை குறுக்காக அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு விரற்கடை வித்தியாசம் இருக்கிறது என்றார். "விடுங்க டீச்சர், யாருக்குத் தெரியப் போவுது" என்றேன். அவர் ஆப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எல்லாவற்றையும் பிடுங்கி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மேல பொய் சொல்லலாம் கமலா. பூசி மறைச்சிரலாம். கீழ சொன்ன பொய் வீட்டையே சாச்சிரும்."

நான் சிரித்தேன். கணக்கு டீச்சர் தமிழ் டீச்சருக்கு வசனம் சொல்லித் தருகிறார் என்று அந்த வாரம் முழுவதும் அவரைக் கிண்டல் பண்ணினேன்.

அத்திவாரம் வெட்ட எங்களுக்கு ஐந்து சனிக்கிழமை பிடித்தது. அவர் அலவாங்கு என்கிற கடப்பாரையால் மண்ணை நெம்புவார், நான் மம்பட்டியால் வாரி மேலே போடுவேன். வயதைப் பார்க்காமல் இரண்டு பேரும் குனிந்து நிமிர்ந்து, திங்கட்கிழமை பாடசாலையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுவோம். முதல் கல் வைக்கும் நாளை மாத்தளை ஐயரிடம் கேட்டு என் அண்ணன் குறித்து வந்தார். பௌர்ணமிப் போயா விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு மேல் பத்து பத்துக்குள், ஈசானிய மூலையில். அதை விட்டால் இரண்டு மாதத்துக்கு நாள் இல்லை. அதற்குள் மழை வந்துவிடும்.

முந்தின நாள் பின்னேரம் டீச்சர் அந்த வடகிழக்கு மூலையில் அலவாங்கைக் குத்திப் பார்த்தார். மற்ற மூன்று மூலையிலும் அலவாங்கு இறங்க மறுத்தது. அங்கே மட்டும் புட்டில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது. "இங்க இன்னும் கெட்டி மண் வரல. ஒரு அடியாவது போகணும். நாளைக்கு வந்து பாப்போம். வரலேன்னா நேரத்தைத் தள்ளி வைங்க" என்றார். "நேரத்தை எப்படித் தள்ளி வைக்கிறது?" என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஐம்பதை நெருங்குகிறவளுக்கு முதன்முதலாக ஒரு வீடு. அது நல்ல நேரத்தில் தொடங்க வேண்டும் என்று நினைத்தது பெரிய குற்றமா? அப்போது குற்றமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கே தனியாகப் போய் அந்த மூலையை வெட்டினேன். ஓரடி போனதும் மம்பட்டி பட்ட இடத்தில் மண் கறுத்தது. இன்னும் இரண்டு வெட்டு. அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்து என் பாதத்தை மூடியது. ஊற்று. மாசி மாதம், சுற்றிலும் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறது, என் குழிக்குள் மட்டும் தண்ணீர். நீர் ஊறும் மண்மேல் கல் வைத்தால் அந்த மூலை இறங்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஈசானியத்தில் தண்ணீர் இருப்பது நல்லது, கிணறுகூட அங்கேதான் வெட்டுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிணற்றுக்குச் சொன்னதைச் சுவருக்குக் கீழே வைத்தேன். குவித்து வைத்திருந்த கருங்கல்லில் பெரியதாகப் பார்த்து உருட்டிப் போட்டு, இடையில் காய்ந்த மண்ணைத் திணித்து, சேறு தெறிக்க மிதித்து, மேலே இன்னும் மண் போட்டு மூடினேன். கையை மட்டும் புல்லில் துடைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு டீச்சர் வந்தார். தவக்காலத்து வெள்ளி, ஒருசந்தி, அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. அலவாங்கை எடுத்து அந்த மூலையில் ஒரு குத்துக் குத்தினார். ணங்கென்றது. "கெட்டி மண் வந்துருச்சு டீச்சர்" என்றேன். அவர் மூலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே என் கால்களைப் பார்த்தார். "காலைக் கழுவிட்டு வாங்க. சாமி கும்புடப் போறீங்க" என்றார். அவ்வளவுதான். ஒன்பதரைக்கு அண்ணன் தேங்காய் உடைத்தார். நவதானியமும் மஞ்சளும் போட்டு முதல் கல்லை நான் வைத்தேன். இரண்டாவது கல்லை என் வேண்டுகோளுக்காக அவர் சிலுவை போட்டுக்கொண்டு வைத்தார். அன்று முழுக்கப் பட்டினியோடு சீமெந்து குழைத்து, தாச்சி தாச்சியாகச் சுமந்தார்.

எங்களுக்குள் வந்த ஒரே சண்டை, அதற்கடுத்த சனிக்கிழமை அவர் செய்த வேலையால்தான். கட்டிடத்துக்கு மேற்புறம், மலைப்பக்கமாக, அவர் பாட்டுக்கு ஒரு கான் வெட்டத் தொடங்கினார். தேயிலை மலையில் தண்ணீர் வடிய வெட்டுவார்களே, அதே மாதிரி, ஆனால் இடுப்பளவு ஆழம். நான் மல்லிகைக் கொடிக்கென்று வைத்திருந்த இடத்தைப் பிளந்துகொண்டு அது போயிற்று. "சின்ன வீட்டுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கான்? யாரைக் கேட்டு வெட்டுறீங்க?" என்றேன். "மழைத் தண்ணிக்கு" என்றார், நிமிராமலே. இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் வந்து வெட்டினார். நான் தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

வீடு எழுந்தது. முதல் இரண்டு வருடம் ஒன்றுமில்லை. மூன்றாம் வருட மழையில் அந்த மூலையில் நூல் மாதிரி ஒரு வெடிப்பு வந்தது. நான் அலமாரியை நகர்த்தி அதை மறைத்து வைத்தேன். டீச்சர் ஒருநாள் வந்து, அலமாரி ஏன் இடம் மாறியிருக்கிறது என்று கேட்காமல், பின்பக்கம் போய்க் கானை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கிவிட்டு வந்தார். அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒருமுறை வருவார். கானில் மண் சரிந்திருந்தால் அள்ளுவார். "எனக்கு இது உடற்பயிற்சி" என்பார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். ஆப்புகளைப் பிடுங்கியெறிந்த அந்த முகம் ஞாபகத்துக்கு வரும், தேநீர் ஊற்றப் போய்விடுவேன்.

இந்தமுறை மழை எப்படிப் பெய்தது என்று உங்களுக்குத் தெரியும். பல் வேலைக்காகத் தங்கையின் வீட்டுக்குப் போன நான், பாதை மூடியதால் பத்து நாள் கண்டியிலேயே இருந்தேன். ஜெசிந்தா டீச்சர் தொலைபேசியில், "வீட்டைப் பத்தி யோசிக்காதீங்க, பல்லைப் பாருங்க" என்றார். மழை விட்டுப் பாதை திறந்த மறுநாள் அந்தச் செய்தி. அடக்கம் முடிந்து நான் மலையேறியபோது, என் வீடு இருக்காது என்றே நினைத்துப் போனேன். எங்களுக்கு மேலே இரண்டு இடத்தில் மண் சரிந்திருந்தது. என் வீடு நின்றது. மூலை இறங்கவில்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். கான் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, மலையிலிருந்து கசிந்த தண்ணீர் என் மூலைப் பக்கம் வராமல் அதன் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அள்ளிப் போட்ட மண் கரையில் குவிந்திருந்தது. சுவரோரம் மம்பட்டி சாத்தியிருந்தது, அதில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

பக்கத்து வீட்டுச் சோமா நோனா வேலிக்கு வந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "அந்த டீச்சர் மூன்று நாள் வந்தார். கொட்டுகிற மழையில், பொலித்தீனைத் தலையில் கட்டிக்கொண்டு. என் மகனை அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம், எனக்குத்தான் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியும் என்றார். கடைசி நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்."

ஏழாம் நாள் அந்தோனி அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஊற்றை, கல்லை, மூடியதை. அவர் முற்றத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியபடியே கேட்டார். முடிந்ததும் சொன்னார்.

"அவளுக்குத் தெரியும் டீச்சர். கல்லு வச்ச அன்னைக்கே வந்து சொல்லிட்டா. ஒரு மாசமா மழையில்ல, கமலா கால்ல முட்டி வரைக்கும் சேறு, ஊத்தை மூடிட்டாங்கன்னு. ஏன் கேக்கலேன்னு கேட்டேன். மொகமெல்லாம் பயமா இருந்துச்சு, அவங்களே சொல்லட்டும்னு சொன்னா."

நெஞ்சு வருத்தம் டீச்சருக்கு இரண்டு வருடமாக இருந்ததாம். மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. என்னால்தானா என்று அண்ணனிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றார். கடைசி நாற்காலியை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார். "ஆனா நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, அவ வேற ஆளை விட்டு வெட்டியிருப்பா. ஏன் அங்க வெட்டணும்னு கேட்டா ஒங்க பேரு வந்துருமேன்னுதான் தானே போனா." அதற்குப் பிறகுதான், இந்த மலருக்கு உள்ளதை எழுதும்படி கேட்டார்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மம்பட்டிதான். அதிலுள்ள சேற்றை இன்னும் கழுவவில்லை, கழுவவும் மனமில்லை. கானை இனி நான்தான் அள்ள வேண்டும், அதற்கு வேறொரு மம்பட்டி வாங்கிவிட்டேன். மழை பிடித்தால் பட்டப்பகலிலும் வீட்டின் பின்னால் மண் வெட்டும் சத்தம் கேட்கிறது. சரக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சரக். ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, கானில் இறங்கிச் சரிந்த மண்ணை அள்ளிவிட்டு, முட்டிவரை சேற்றோடு வாசற்படிக்கு வருகிறேன். காலைக் கழுவிட்டு வாங்க என்ற அந்தக் குரல் அங்கே நிற்கிறது. ஆறு வருடம் அவர் காத்திருந்த பதிலை, கழுவுவதற்கு முன்பு, இப்போது ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்கிறேன்.

"தண்ணி இருந்துச்சு டீச்சர். நாந்தான் மூடுனேன்."