மூன்றாவது தடவை ‘கடைசி வண்டி’

ஓனெட்டா வானிலை அறிக்கையைக்கூட நம்பமாட்டாள். மிச்சிகனில் எங்கள் கார் ஆலையில் இடது கதவை அவள் மாட்டுவாள், வலது கதவை நான். இருபத்தோரு வருஷம் ஒரே வண்டிக்கு இரண்டு பக்கம் நின்றோம். சர்வீஸில் என்னைவிட இரண்டு வருஷம் மூத்தவள்.

எட்டு சிலிண்டர் வண்டி அது. கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். "இதுதான் கடைசி" என்று கம்பெனி ஏற்கெனவே இரண்டு முறை அறிவித்தது. இரண்டு முறையும் ஜனம் முண்டியடித்து வாங்கியது, வேலையும் தொடர்ந்தது. மூன்றாம் முறை கேன்டீனில் கேக் வெட்டினார்கள். புகைச் சட்டமாம்.

"புகையாம் புகை! பக்கத்து லைன்ல மலை மாதிரி பிக்கப் லாரி செய்றானே, அது என்ன ரோஜா வாசனையா விடுது?" என்றாள் ஓனெட்டா, கேக்கைத் தொடாமல். "கடைசின்னு சொன்னாத்தான் இது விக்கும். நல்லா காது குத்துறானுங்கடா டெல்மர்!"

யூனியன் அறையில் ஒரு பட்டியல் தொங்கியது. வேலை போகிறவர்களுக்கு, கம்பெனியின் கெண்டக்கி ஆலையில் கதவு வேலைக்கு ஒரே இடம். வெள்ளிக்குள் கையெழுத்துப் போடவேண்டும். போட்டவர்களில் சர்வீஸ் கூடுதலானவருக்கே அந்த இடம்.

செவ்வாயன்று பின்வாசல் பக்கம் போனேன். எங்கள் கதவுத் தகடு அடிக்கும் அச்சுகளைப் பழைய இரும்புக் கடை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முன்பு இரண்டு முறையும் எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருந்தவை. அச்சே போனபின் வண்டி ஏது?

ஓனெட்டாவிடம் மூச்சு விடவில்லை. வியாழன் காலை போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மதியம் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். "நீ கையெழுத்து கிய்யெழுத்து போட்டுடலையே?"

"எதுக்கு? வழக்கமான நாடகம்தானே."

"அதானே பார்த்தேன்" என்று சிரித்தாள்.

ஜனவரியில் எங்கள் வரிசை நின்றது. கெண்டக்கிக்கு என் பெயர். அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அச்சு போனதை நீ பார்த்தியாமே?"

"பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ போட்டிருப்பே. இடம் உனக்குப் போயிருக்கும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "இங்க எனக்கு இன்னும் பதினோரு வருஷம் வீட்டுக்கடன் இருக்குடா. அதை விட்டுட்டு நான் கெண்டக்கிக்கு வந்திருப்பேனா?" என்றாள். என் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து, வாசல்வரை தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.