தாய்மாமன் மடி

நானும் அவளும் ஒரே அனாதை இல்லத்தில் வளர்ந்தோம். என்னை அண்ணன் என்பாள். அவளுடைய ஐந்து வயது மகளைத் தம்பானூரில் ஒரு தியேட்டருக்கு சூப்பர்ஹீரோ படத்துக்குக் கூட்டிப்போனேன். முன்னால் இருந்தவர் தலை மறைத்ததால் குழந்தை என் மடியில் ஏறிக்கொண்டாள். படத்தில் யாருமில்லாத பிள்ளைகள் ஒரே வீட்டில் அண்ணன் தங்கைகளாகி, பறந்து பறந்து வில்லனை உதைத்தார்கள். தியேட்டரே சிரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

“மாமாவும் அம்மையும் இப்படித்தான், இல்லே?” என்றாள் குழந்தை.

“ஆமா மக்ளே.”

மறுநாள் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவது வழக்கம். ரத்த உறவில்லாதவன் மடி ஆகாது என்று அவள் அப்பா வீட்டார் சொல்லிவிட்டார்கள். தங்கள் சொந்தத்தில் யாரையோ மாமனாக உட்கார வைக்கப்போகிறார்கள். அவனுக்கும் அவள் அம்மாவுக்கும் என்ன ரத்தம்?

படம் முடிந்தது. தியேட்டரைப் பெருக்க வந்தவர் எழுந்திருக்கச் சொல்லும்வரை குழந்தையை நான் மடியிலிருந்து இறக்கவில்லை.