கோப்பைக்குள் விழுந்த குண்டு

வெள்ளிக் கோப்பையில் விபூதியைப் போட்டுத் தேய்த்ததும் கிளம்பிய வாசனை, என்னைப் பத்து வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

பிரெஞ்சுக்காரர் காலத்தில், பெத்தாங் ஆட்டத்தில் தாத்தா ஜெயித்த கோப்பை இது. இரும்புக் குண்டை எறிந்து ஆடும் ஆட்டம். ஒரு மத்தியானம், அவருடைய குண்டு இந்தக் கோப்பைக்குள் போகுமா என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. குண்டு கைநழுவி உள்ளே விழுந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் புடைத்திருந்தது. தரையில் வைத்தால் ஆடியது. கண்ணாடி அலமாரியில், எப்போதும் இருக்கும் துணி மடிப்பின்மேலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டேன்.

பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலு வந்தது. வருஷாவருஷம் அன்றைக்கு அப்பா கோப்பையை எடுத்து, வந்தவர்களுக்குக் காட்டுவார்.

“மேசைல வைடா, எல்லாரும் நல்லா பாக்கட்டும்” என்றார் தாத்தா.

நான் மெல்லக் கதவோரம் நகர்ந்தேன்.

“இருக்கட்டும் நைனா, கையிலயே வெச்சிருக்கேன்” என்றார் அப்பா.

அன்று தப்பித்தேன். ஆனால் நாற்பது வருஷமாக மனதில் உறுத்தல். இன்று, தேய்த்துக்கொண்டே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா சிரித்தாள். “அது நீ பண்ணதில்லடி. உங்கப்பா சின்னப் புள்ளையா இருக்க சொல்ல குண்டப் போட்டுப் பாத்தாராம். தாத்தாவுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் கடைசி வரைக்கும் துணி மேலயே வெச்சிருந்தாரு.”

கோப்பையைத் துடைத்து, துணியில்லாமல் மேசைமேல் வைத்தேன். இரண்டு முறை ஆடிவிட்டு நின்றது.